பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டவன் நான்தான். 1989-ல், பொங்கல் காப்புக் கட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டி அட்டாலியில் இருந்ததையெல்லாம் இறக்கி வாசலில் குவித்திருந்தோம். வாரப் பத்திரிகைக் கட்டுகள், என் காலேஜ் நோட்டுகள், உரக்கடை ரசீதுகள், அவற்றுக்கு நடுவே முதுகு பிய்ந்த தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் கைரேகை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல். 1976-ல் அப்பா வண்டியை வாங்கியபோது, விற்றவர் சாவியோடு சேர்த்துக் கொடுத்தது.

"இது வேணுமா கண்ணு?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டியே சாளைல கோழி அடையறதுக்குத்தான் ஆகுது. புத்தகம் எதுக்கு?" என்றேன்.

பழைய பேப்பர்காரர் அதைத் தனியாகத் தூக்கிப் பார்த்தார். ரெக்சின் அட்டை, பேப்பர் விலைக்கு எடுக்க முடியாது என்று அட்டையைக் கிழித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் பக்கங்களைத் தராசில் வைத்தார். அட்டை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. தங்கை மகன் அதில் கொஞ்ச நாள் கேரம் ஸ்கோர் எழுதினான்.

இதை என் ஒருவனின் புலம்பலாக எழுத உட்காரவில்லை. நெகமத்திலிருந்து நம்பியூர் வரை, கார் என்று ஒன்று நின்றிருந்த ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இப்படி ஒரு காப்புக் கட்டு நடந்திருக்கும். வண்டியை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் போட்டவர்கள் நாம். வண்டி என்றால் சொத்து, புத்தகம் என்றால் குப்பை என்பது நம் வீட்டுக் கணக்கு.

ஹெரால்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த சிறிய கார். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று மூன்றே பெயர் இருந்த காலம். அந்த மூன்றில் தமிழ்நாட்டில் பிறந்தது இது ஒன்றுதான். மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 948 சிசி என்ஜின். இங்கிலாந்தில் அந்த என்ஜினை வருஷத்துக்கு வருஷம் பெருக்கிக்கொண்டு போனார்கள். இங்கே கடைசிவரை அதே 948. ஆனால் நம் ஆட்கள் செய்த காரியம் ஒன்று உண்டு, அறுபதுகளின் பிற்பாதியில் அதற்கு நாலு கதவு வைத்தார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கதவு எப்படிப் போதும்? இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான்.

25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கோயம்புத்தூர் டவுன்ஹாலைச் சுற்றிய சந்துகளில் அம்பாசடர்க்காரர்கள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது அப்பா ஒரே திருப்பில் திருப்பிவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். பானட்டைத் திறந்தால் முன்பாதி முழுக்க, மட்கார்டோடு, விளக்கோடு, முன்பக்கமாகச் சாய்ந்து முதலை வாய் பிளந்த மாதிரி நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்த வசதிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ட்ரையம்ப் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துவந்த பட்டறையை 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஒரே துண்டாக உடம்பு செய்ய வழியில்லாமல், தகடுகளைத் தனித்தனியாகச் செய்து சேசிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். அந்த இக்கட்டில் பிறந்ததால் எவரும் பிரித்து மாட்டக்கூடிய வண்டியாக அமைந்துவிட்டது. எதை எந்த வரிசையில் கழற்றுவது என்று தெரிந்திருந்தால்.

1981 வைகாசி. கோயம்புத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கிணத்துக்கடவு தாண்டி, டீக்கடை ஓரமாக ஒதுக்கலாம் என்று அப்பா ஸ்டியரிங்கைத் திருப்பினார். டப்பென்று சத்தம். இடப்பக்க முன்சக்கரம் மடங்கி வண்டிக்கடியில் போய்விட்டது. மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்குமே, அந்த மாதிரி வண்டி புளியமரத்தடியில் மண்டி போட்டது. வேகம் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். "மெட்ராஸ்காரன் செஞ்ச வண்டி வேற எப்படிங்க இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். அப்பாவும் ஆமாம் என்றார். அன்றிலிருந்து எங்கள் ஒறம்பரை வட்டாரம் முழுக்க ஹெரால்டு என்றால் 'சக்கரம் மடங்குற வண்டி'. கம்பெனி சரியில்லை என்று நாங்களும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தோம்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது கீழே ஒரு வெங்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ட்ரனியன் என்று பெயர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வண்டியின் முன்பாரம் அத்தனையும் அந்த மரையில்தான். அது உலரக்கூடாது. அதற்கு விடவேண்டியது ஆயில். கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிறோமே, அந்தத் தொண்ணூறு ஆயில். கிரீஸ் அடித்தால் அது மரையின் அடிவரை இறங்காது. நாளாவட்டத்தில் இறுகிக் கட்டியாகி வழியையும் அடைத்துவிடும். பிறகு மழைத்தண்ணீர் உள்ளே போய், இரும்பு துருப்பிடித்து, தண்டு வெங்கலத்தைக் கவ்விக்கொள்ளும். ஒருநாள் டீக்கடை ஓரமாக ஒதுக்கும்போது ஒடியும்.

ஆயில்தான் விடவேண்டும் என்று மேனுவல் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆயிலை கிரீஸ் கன்னில் ஊற்றித்தான் அடிக்கச் சொல்கிறது. கன்னுக்குப் பேரே கிரீஸ் கன். புத்தகம் படிக்காதவன் அதில் எதைப் போடுவான்? எங்கள் மெக்கானிக்காரர் ஒவ்வொரு சர்வீஸிலும் வஞ்சனையில்லாமல் கிரீஸ் அடித்தார். "நல்லா அடிங்க" என்று அப்பா பக்கத்தில் நின்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்த நேரமெல்லாம் புத்தகம் டேஷ்போர்டு அறைக்குள், பழனி விபூதிப் பொட்டலத்துக்கு அடியில், இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். எனக்கு நன்றாகவே வரும். எங்கள் இருவருக்குமே அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மெக்கானிக்காரருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அவரிடம் யாரும் படித்துக் காட்டவுமில்லை.

உடைந்த தண்டோடு அந்த வெங்கலத் துண்டைக் கழற்றி வாசலில் போட்டார்கள். அடுத்த வாரம் தள்ளுவண்டிக்காரர் வந்தார்: ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம். என் தங்கை பாவாடையில் அதை ஏந்திக்கொண்டு ஓடினாள். காகிதப் பொட்டலம் நிறையப் பழம். வெங்கலத்துக்குப் பித்தளைக் கணக்குப் போட்டுவிட்டார் என்று அம்மா மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தாள். ஆளுக்கு நாலு பழம் வந்தது. எனக்கும் வந்தது, தின்றேன்.

எங்கிருந்தோ பழைய வண்டியில் கழற்றியது ஒன்றை மாட்டி இரண்டு மூன்று வருஷம் ஓட்டினார்கள். 1983 டிசம்பர் 14-ந் தேதி டெல்லியில் முதல் மாருதி சாவி கைமாறியது. அது எங்கள் பக்கம் வந்து சேர்ந்ததும் ஹெரால்டு தோட்டத்துச் சாளைக்குப் போயிற்று. கோழிகளுக்குப் பின்சீட் பிடித்திருந்தது.

ரிடையர் ஆன பிறகு அதை மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது. கோயம்புத்தூர்க்காரனுக்கு உதிரிபாகத்தைப் பற்றி என்ன பயம்? 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய ஊர் இது. யுத்தக் காலத்தில் சீமையிலிருந்து மில் சாமான்கள் வருவது தடைப்பட்டபோது, இருப்பதைப் பார்த்து அதேபோலச் செய்யப் பழகிய பட்டறைகளின் ஊர். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் தெருவுக்குத் தெரு லேத்து. "சாம்பிள் கொண்டாங்க, செஞ்சுக்கலாம்" என்பதுதான் நம் தாரக மந்திரம்.

நஞ்சப்பா ரோட்டு ஸ்பேர் கடைகளில் ஆரம்பித்தேன். கல்லாவில் இருந்த தம்பி, "ஹெரால்டுங்களா? அது எந்த நாட்டுக் கம்பெனிங் சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். உக்கடத்தில் பழைய இரும்புக்கடைகளில் அம்பாசடர் சாமான் ஒன்றிரண்டு கண்ணில் பட்டது. அப்படியே பழைய புத்தகக் கடைகளையும் பார்த்தேன். செமஸ்டர் புத்தகங்கள் மலைமலையாக இருந்தன. வண்டி மேனுவல் கேட்டேன். கடைக்காரர், "அதெல்லாம் இங்க வர்றதுக்கு முன்னாடியே காகித மில்லுக்குப் போயிருமுங்" என்றார்.

கடைசியில் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறை. வண்டியோடு வந்ததில் மிச்சமிருந்த வலப்பக்கத்து ட்ரனியனைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். டர்னர் அதை வேஸ்ட் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெர்னியர் வைத்தார், பிட்ச் கேஜ் வைத்தார். ஒன்றும் சரியாக உட்காரவில்லை. உள்ளே விரலை விட்டுத் தடவினார். மரையின் முகடெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. "இது இஞ்சு மரைங் சார். அதுவும் ரொம்பத் தேஞ்சிருச்சு. தேஞ்சத அளந்தா தேஞ்சதுதானுங் வரும்" என்றார். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும் என்பதையும் அவரே மரையின் வாட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதுவரை எனக்கு அது தெரியாது. அப்புறம் கேட்டார்:

"ட்ராயிங் இருக்குங்களா? அளவு இருந்தா மத்தியானத்துக்குள்ள கடைஞ்சு குடுத்தர்றேன்."

ட்ராயிங் இருக்கவில்லை. நல்ல சாம்பிளை நாற்பது வருஷத்துக்கு முன்னால் பேரீச்சம்பழமாகத் தின்றாயிற்று.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மிடம் லேத்து இருக்கிறது, வார்ப்படம் இருக்கிறது, அந்த டர்னரைப் போன்ற கை இருக்கிறது. அளவு மட்டும் இல்லை. சாம்பிளைப் பார்த்துச் செய்தே பழகிய ஊர், எந்தச் சாம்பிளுக்கும் அளவு எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தேய்ந்ததிலிருந்து தேய்ந்ததைப் பிரதி எடுத்தே எழுபது எண்பது வருஷம் ஓட்டியிருக்கிறோம். அதைத் திறமை என்று வேறு மேடையில் பேசிக்கொண்டோம்.

பிறகு நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பர்மிங்காமில் இருக்கும் மச்சான் மகன் லீவில் வரும்போது பெட்டிக்குள் இரண்டு ட்ரனியன் கொண்டுவந்தான். புதுசு. அரை நூற்றாண்டுக்கு முன், 1971-ல், அங்கே ஹெரால்டு உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் உதிரிபாகம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1977-ல் ஹெரால்டும் அதன் தம்பி தங்கை வண்டிகளும் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். புத்தகங்கள் மறுஅச்சாகின்றன. மச்சான் மகன் கொண்டுவந்த மேனுவலின் மறுபதிப்பில் ட்ரனியன் பக்கத்தைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். ஆயில் விடச் சொல்லி ஒரே வரிதான்.

இன்னொரு கூச்சமும் உண்டு. வண்டலூர் ஆலை எண்பதுகளின் இறுதியில் படுத்தது. 1985-ல் கடைசி முயற்சியாக ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் ரோவர் உடம்பு, பழைய என்ஜின். ஓடவில்லை. ஆலை இடிபடும் காலத்தில் உள்ளே பிரிக்காமல் கிடந்த அந்தக் காரின் உதிரிபாகங்களை இங்கிலாந்துக்காரர்கள் வந்து வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள், தங்கள் ஊர்ப் பழைய ரோவர்களுக்கு மாட்ட. நமக்கு எடைக்குப் போடத் தெரிந்ததை அவர்கள் எண்ணி வாங்கினார்கள். அதைக் களவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்மில் எவனும் ஏலத்துக்குப் போகவில்லை.

ஹெரால்டை அடுத்து 1972-ல் வந்த கெஸல் கதை இன்னும் மோசம். ஹெரால்டின் பின் ஆக்சில் நம் மெக்கானிக்குகளுக்கு ஒத்துவரவில்லை என்று அதை மாற்றி நேர் ஆக்சில் வைத்த வண்டி. உலகத்தில் வேறெங்கும் செய்யாதது. அதற்கு எந்த மச்சான் மகன் எந்த ஊரிலிருந்து புத்தகம் கொண்டுவருவான்? நாம்தான் எழுதி வைத்திருக்கவேண்டும்.

ஜான் ஹேன்ஸ் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். கார் வைத்திருக்கிறவனே தன் காரைப் பிரித்து மாட்ட, படம் படமாகப் போட்டு மேனுவல் எழுதியவர். முதல் புத்தகம் 1966-ல், ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்கு. ஒரு காரை வாங்குவது, கடைசி நட்டு வரை கழற்றுவது, கழற்றக் கழற்றப் படமெடுப்பது, மறுபடி மாட்டுவது, அதை எழுதுவது. அவ்வளவுதான் முறை. இந்த மனுஷர் பிறந்தது சிலோனில், 1938-ல். அப்பா தேயிலைத் தோட்ட மேலாளர். தமிழ்ப்பேச்சு சூழ்ந்த மலையில் பிறந்தவர் செய்த வேலை இது. கழற்றி மாட்டுவதில் நாம் அவருக்கு எந்த விதத்திலும் இளைத்தவர்கள் இல்லை. எழுதுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

ஏன் இல்லாமல் போயிற்று? இங்கே நாம் எல்லோரும் ஜி.டி. நாயுடு கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்து, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பிரித்து மாட்டியே தொழில் கற்றுக்கொண்டவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டவர். பள்ளிக்கூடம் போகாத மேதை, புத்தகம் எதற்கு என்று பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்கிறோம். அதே மனிதர் 1945-ல் ஊரில் தொழில்நுட்பப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தார் என்பதை அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. அவினாசி ரோட்டில் அவர் குடும்பத்தார் 2015-ல் திறந்த கார் மியூசியத்துக்கு நானும் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். பளபளவென்று நிற்கும் வண்டிகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தோம். ஜி.டி. நாயுடு என்றால் நமக்குக் கை. அவர் கண்ட பள்ளிக்கூடம் நம் கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் எழுத்து நமக்குப் புதிதில்லை. தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியத்தை, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதி, முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து முடித்த பெரியசாமித் தூரன் மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசுக்காரர். அதை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946-ல் தொடங்கிய அவினாசிலிங்கம் திருப்பூர்க்காரர். பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயம் வைத்தவர். அறிவியலைத் தமிழில் எழுத முடியும் என்று செய்து காட்டியவர்கள் நம் மண்ணிலிருந்தே போனார்கள். அந்தத் தொகுதிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, அதே வீட்டின் முற்றத்தில் நின்ற காருக்குத் தமிழில் ஒரு முப்பது பக்கம் வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. ஐ.டி.ஐ.யில் தமிழில் பாடப்புத்தகம் உண்டு. என்ஜின் எப்படி ஓடுகிறது என்று அது சொல்லும். இந்த வண்டியின் இந்த மரைக்கு ஆயிலா கிரீஸா என்று அது சொல்லாது.

இதுவரை நாம் நாம் என்று எழுதியதில் என் பங்கை ஒளித்துவைத்ததாக ஆகிவிடக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் நான் சம்பளம் வாங்கியது மேனுவல் எழுதுவதற்கு. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மோட்டாருக்கான கையேடு தயாரிக்கும் பிரிவு. இங்கிலீஷில் நாற்பது பக்கம், ஏற்றுமதிக்கு வேறு மொழிகளில் நாற்பது பக்கம். தமிழில் ஒரு தாள். அதில் ஈரக்கையால் தொடாதீர்கள், வாரண்டிக்கு எர்த் கம்பி அவசியம் என்று ஆறு வரி. அந்த மோட்டாரைக் கிணற்றில் இறக்குகிறவரும், எரிந்தால் ரீவைண்டிங் செய்கிறவரும் தமிழர்கள். 'அவங்களுக்குத் தெரியும், எழுதித் தரணும்னு இல்லை' என்று மீட்டிங்கில் சொன்னவர்களில் நான் முதல் ஆள். அவர்களுக்குத் தெரிந்தது உண்மைதான். அதை அவர்களிடம் கேட்டு எழுதியிருந்தால் இங்கிலீஷ் மேனுவல்கூட நன்றாக வந்திருக்கும்.

படித்தவர்கள் பட்டறைக்குள் போகவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். பிள்ளைகளை பிஎஸ்ஜி, சிஐடி என்று என்ஜினியரிங் காலேஜில் சேர்த்தோம். நல்ல பேரும் எடுத்தார்கள். இன்று வெளிநாட்டு சாஃப்ட்வேருக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிச் சம்பாதிக்கிறார்கள். அவர்களில் ஒருவனையாவது, 'போய் நம்ம மெக்கானிக்காரர் பக்கத்துல ஒரு நாள் உக்காந்து அவர் சொல்றத எழுதிட்டு வா' என்று அனுப்பினோமா? மெக்கானிக்கை நாம் வாசலில் நிறுத்தித்தான் பேசினோம். கரிக்கை என்று தனி டம்ளரில் டீ கொடுத்த வீடுகள் உண்டு; எங்கள் வீட்டிலும் அந்த டம்ளர் இருந்தது, திண்ணை மாடத்தில். அப்படி நிறுத்தி வைத்தவரிடம் போய் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று எந்த முகத்தோடு கேட்பது?

பட்டறைக்காரர்கள் பக்கமும் குறை உண்டு. சைடு ஸ்டூலில் உட்கார்ந்த பையன் பத்து வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். டியூனிங் செய்யும்போது மட்டும் டீ வாங்கி வரச்சொல்லி அனுப்பிவிடுவார்கள். தொழில் ரகசியம். அது சரியாகத்தான் ரகசியமாக இருந்தது. பலபேர் அதைக் கூடவே எடுத்துக்கொண்டு ஆத்துப்பாலம் மயானத்துக்குப் போய்விட்டார்கள்.

ஹெரால்டு போனது போகட்டும், அது எத்தனை பேரிடம் இருந்தது என்று கேட்கலாம். மாருதி 800 எல்லோரிடமும் இருந்ததே. 796 சிசி, மூன்று சிலிண்டர். புகைக் கட்டுப்பாட்டு விதி மாறியதால் சென்னையில் 2010 ஏப்ரலோடு புது வண்டி விற்பது நின்றது. நம் பக்கம் அதற்குப் பிறகும் கிடைத்தது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. இன்றும் அன்னூர், அவினாசி, பொங்கலூர்ப் பக்கம் பால் கேன் ஏற்றிக்கொண்டு போகும் 800 கண்ணில் படும். போன மாதம் மூன்று வண்டிக்காரர்களிடம் டேஷ்போர்டு அறையைத் திறக்கச் சொன்னேன். ஒன்றில் கல்யாணப் பத்திரிகைகள், ஒன்றில் ஆர்.சி. ஜெராக்ஸும் எலுமிச்சம்பழமும், ஒன்றில் பூட்டுக் கழன்றதால் கதவே இல்லை. புத்தகம் எதிலும் இல்லை. அந்த என்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. சங்கிலி கிடையாது, காலம் பார்த்து மாற்றியாகவேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு என்று மூன்று பட்டறையில் கேட்டேன். மூன்று பதில். ஒருவர், "அது அறுந்தா மாத்திக்கலாமுங்" என்றார். கார்புரேட்டர் வைத்த பழைய 800-ஐக் காதால் கேட்டே சரிசெய்கிறவர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். 1989-ல் நான் நின்ற வாசலில்தான் ஊர் மறுபடி நின்றுகொண்டிருக்கிறது. தராசு மட்டும் டிஜிட்டல் ஆகிவிட்டது.

எங்கள் ஹெரால்டுக்குக் கிரீஸ் அடித்த மெக்கானிக்காரர் இன்னும் இருக்கிறார். எண்பது ஆகப்போகிறது. பட்டறையை மகன் பார்க்கிறார். இவர் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் போகிறேன். முதல் நாள் நான் அந்த ட்ரனியன் விஷயத்தைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அது என் தப்புதானா தம்பி?" என்றார்.

"இல்லீங்ணா. புத்தகம் எங்க வண்டில தான் இருந்துச்சு. படிச்சுச் சொல்லாதது எங்க தப்பு."

"நம்மூருல எத்தன ஹெரால்டுக்கு அடிச்சிருப்பேன்…" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பெயரும் ஊருமாக ஒவ்வொரு வண்டியும் அவருக்கு நினைவிருந்தது. எந்த வண்டியில் எந்தப் பக்கம் முதலில் மடங்கியது என்பது உட்பட.

நோட்டில் இப்போது பதினெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. ட்ரனியனுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் வாதாடினோம். நான் 'திருகுத் தாங்கி' என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எவனுக்குத் தெரியும்? வெங்கலக் கொண்டைன்னு போடுங்க" என்றார். அப்படியே போட்டேன். அந்த டர்னர் புது ட்ரனியனை அளந்து கொடுத்த அளவுகளை இடது, வலது என்று இரண்டு படமாக வரைந்து, அடியில் ஆயில் விடவும், கிரீஸ் கூடாது என்று எழுதி அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஆயில்ங்கறதப் பெருசா எழுதுங்க தம்பி. கரிக்கையோட நோட்டத் தொட மாட்டானுங்க, கெடக்கட்டும். ஆனா பானட்டுக்கு அந்தப்பக்கம் நின்னு எட்டிப் பாத்தாலும் தெரியணும்."

மார்க்கர் எடுத்துவர மகனை உள்ளே அனுப்பினார். மகனுக்குக் கிடைத்தது பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும்தான்.